மதினி உடம்பில் ஓடிய கரண்டு

என் அண்ணன் ஊர்க்காவலனும் மாரித்தாய் மதினியும் கையைக் கோத்துக்கொண்டுதான் மெயின் ரோட்டைக் கடப்பார்கள். ஆமத்தூரில் இது ஒரு பெரிய சேதி. நாற்பதைத் தாண்டிய புருஷன் பெண்டாட்டி, அதிலும் மிளகாய் வத்தல் மண்டியில் மூட்டை தூக்குகிற ஆளும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பொம்பளையும், விடிந்தும் விடியாததுமாகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஊர் சும்மா இருக்குமா? "என்னப்பா ஊர்க்காவலா, பிள்ளை தொலஞ்சு போயிருமா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "லாரி வர்ற ரோடுல்ல" என்பான் அண்ணன். லாரி வராத நேரத்திலும் அதையேதான் சொல்வான்.

அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவள் நான், பாண்டிச்செல்வி. அதனால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிகளான எங்களைக் கட்டிக்கொடுத்து நிமிர்வதற்குள் அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது. மதினி, படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியவள். ஒரே ஊர்தான். அவன் விருதுநகர் பஸ்ஸுக்கு ரோட்டின் இந்தப் பக்கம் நிற்பான், அவள் சிவகாசி பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நிற்பாள். வருஷக்கணக்காக இரண்டு பேரும் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றதைப் பொறுக்கமாட்டாமல் நான்தான் போய்ப் பெண் கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவளை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்துதான் தன் பஸ்ஸைப் பிடிப்பான்.

சாயங்காலம் அவர்கள் திரும்புவதைப் பார்க்க வேண்டும். கம்பெனியில் என்னதான் தேய்த்துக் கழுவினாலும் அலுமினியப் பவுடர் மதினியின் நகக்கண்ணிலும் காதோரத்திலும் தங்கியிருக்கும். வெயில் சாயும் நேரம், சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே அவள் நடந்து வந்தால் கைகள் மட்டும் வெள்ளியாக மினுங்கும். அண்ணனுக்கு வத்தல் ஏறிய கை, உள்ளங்கை இரண்டும் சிவப்பு. அந்த வெள்ளியும் சிவப்பும் கோத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போகும். எனக்கு இது நிஜமா கனவா என்று ஒரு நிமிஷம் குழம்பும். அப்புறம் பக்கத்திலிருக்கிற அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தர் மாற்றி ஒருத்தர் தும்முகிற சத்தம் கேட்கும்.

மதினிக்குப் புஸ்வாணத்தில் மருந்து அடைக்கிற வேலை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான், டாக்டர் கொடுப்பது அப்புறம். அந்த அறைக்குள் போக நைலான் சேலை கூடாது. கொலுசு, ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் வெளியே. காலில் செருப்பு கூடாது. வாசல் நிலையில் ஒரு செப்புத் தகடு பதித்து, அதிலிருந்து ஒரு கம்பியை மண்ணுக்குள் இறக்கியிருப்பார்கள். உள்ளே கால் வைக்கும் முன்னால் அந்தத் தகட்டை உள்ளங்கையால் தொட வேண்டும். நடக்கும்போதும் துணி உரசும்போதும் உடம்பில் சேர்கிற கரண்டு அதன் வழியாக மண்ணில் இறங்கிவிடும். தொடாமல் போய், கையிலிருந்து ஒரு பொறி தட்டினால் அறையில் இருக்கிற நாலு பேரும் இல்லை. போர்மேன் தனுஷ்கோடி அண்ணாச்சி காலையில் 'வாங்க' என்றுகூடச் சொல்ல மாட்டார். "தகட்டத் தொட்டீகளா?" என்றுதான் கேட்பார்.

அந்தப் பழக்கம் மதினிக்கு ரத்தத்தில் ஏறிவிட்டது. பஸ்ஸில் ஏறினால் கம்பியைத் தொடுவாள். கோயிலில் பித்தளைத் தடுப்பைத் தொட்டுவிட்டுத்தான் கும்பிடுவாள். என் வீட்டுக்கு வந்தாலும் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். "என்ன மதினி, எங்க வீட்ல என்ன வெடியா கட்டுறோம்?" என்று கேலி பண்ணுவேன். "கை தானா போகுது பாண்டி" என்று சிரிப்பாள்.

போன தீபாவளி போனஸில் ஃபிரிட்ஜ் வந்தது. விருதுநகர் ஷோரூமுக்கு நானும் கூடப் போயிருந்தேன். மதினி ஒரு ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து, உள்ளேயிருந்து வந்த குளிரில் முகத்தைக் காட்டியபடி கண்ணை மூடி நின்றுவிட்டாள். சேல்ஸ்மேன் என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. அதையே எடுத்துக்கொண்டு வந்தோம். சிவப்பு நிறம், கண்ணாடிக் கதவு முழுக்கப் பூ. கொண்டுவந்தவர்கள் அடுப்படி வாசலை ஒட்டி வைத்தார்கள். மாட்டும்போது ஒருவன், "வீட்ல எர்த் இருக்காக்கா?" என்று கேட்டான். எங்களுக்கு எர்த் என்றால் அந்தச் செப்புத் தகடுதான். "அது கம்பெனியில இருக்குய்யா" என்றாள் மதினி. அவன் சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். நாங்களும் சிரித்தோம், ஏதோ பெரிய பதில் சொல்லிவிட்ட மாதிரி.

பங்குனி வெயில் ஏறியதும் ஃபிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் கசிந்தது. கஸ்டமர் கேருக்குப் பேசுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் காலண்டர் தாள் அடுக்குகிறவள். பிரஸ் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகியவள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் போல. தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன், இந்தியில் பேசியது. அப்புறம் பாட்டு. நடுநடுவே ஒரு பெண் குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று தேனாகச் சொன்னது. முக்கியம் என்றால் எடுத்துத் தொலைய வேண்டியதுதானே! அரைநேர லீவு அந்தப் பாட்டிலேயே போயிற்று.

ஒருவழியாக ஹரிஷ்குமார் என்று ஒரு டெக்னீசியன் வந்தான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். "கூலிங் நல்லா இருக்கு. தண்ணி வர்றது நார்மல்க்கா. வெயில் காலம்ல, வேர்க்கும்" என்றான்.

"ஃபிரிட்ஜுக்கு வேர்க்குமாய்யா?" என்றேன்.

"வேர்க்கும்க்கா."

அவன் தெருமுனை திரும்பவில்லை, என் போனுக்கு மெசேஜ் வந்துவிட்டது: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. மதினி ஒரு பழைய சாக்கை எடுத்து ஃபிரிட்ஜுக்கு முன்னால் விரித்தாள். அது எந்நேரமும் சொதசொதவென்று ஈரமாகவே கிடந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் ஏதோ மாறிப்போனது.

முதலில் என் கண்ணில் பட்டது காப்பி டம்ளர். அண்ணன் கையை நீட்டுவான், மதினி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ரோட்டைக் கடக்கும்போது அவள் முன்னால் விறுவிறுவென்று போய்விடுவாள், அவன் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு பின்னால் போவான். டீக்கடையில் இப்போது யாரும் கேலி பண்ணவில்லை.

ஒருநாள் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். உள்ளங்கையை மோந்து பார்த்தான். அப்புறம், "ஏ பாண்டி, என் மேல வத்தல் காட்டம் ரொம்ப அடிக்கிதா?" என்று கேட்டான்.

"என்னண்ணே திடீர்னு?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

கடையில் இருப்பதிலேயே வாசனையான சோப்பு எது என்று கேட்டு வாங்கி வந்திருந்தான். இரண்டு வேளையும் குளித்தான். எலுமிச்சம்பழத்தை வெட்டி அந்தச் சிவப்புக் கையில் தேய் தேய் என்று தேய்த்தான். தோலில் ஊறிய சிவப்பு சோப்புக்குப் போகுமா? ஈரத் துண்டோடு வந்து மதினி பக்கத்தில் உட்காருவான், அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பெண் கேட்டுப் போனவள் நான். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அவர்கள் வீட்டு மாடிப்படி ஏறினேன்.

மதினி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் புது ஆர்டருக்குச் சாம்பிள் வெடித்துப் பார்த்தார்கள். வெளிச்சம் முழுக்கப் போகாத வானத்தில் பச்சையும் ஊதாவும் வெளிறிப் பூத்து, சத்தம் பின்னால் மெல்ல வந்து சேர்ந்தது.

"எங்க அண்ணன் ஒங்களுக்கு என்ன கொறை வச்சான் மதினி? பிடிக்கலைன்னா வாயத் தெறந்து சொல்லணும். மனுசன எதுக்கு இப்பிடி வதைக்கீக?"

அவள் கொடியைப் பிடித்தபடி நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "பாண்டி, என் ஒடம்புல கரண்டு இருக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"வேலைக்குப் போயிட்டு வந்து பளக்கத்துல அடுப்படி வாசல்ல ஃபிரிட்ஜத் தொட்டேன். ஜிவ்வுனு உள்ளங்கையில ஓடுச்சு. சரி, ஒடம்புல இருந்தது எறங்கிருச்சுன்னு நெனச்சேன். மறுநாளும் எறங்குது, அதுக்கு மறுநாளும் எறங்குது. ஊத்து மாதிரி ஊறிக்கிட்டே இருக்கு பாண்டி. கம்பெனித் தகட்டத் தொட்டா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. அப்ப என்ன அர்த்தம்? தகட்டுல எறங்காத கரண்டோடதான் நான் தெனமும் மருந்து ரூமுக்குள்ள போறேன். முந்தி எங்கூட வேலை பாத்த பேச்சியம்மா ரூம்ல வெடிச்சப்ப நான் அடுத்த ரூம்ல இருந்தேன். ஒரு பொறி போதும்."

"அதுக்கு அண்ணன ஏன் தள்ளி வைக்கீக? சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா பயந்துருவாக. பயந்தாக்கூடப் பரவால்ல. 'அதெல்லாம் ஒண்ணுமில்ல'ன்னு சட்டுனு கையப் புடிச்சிருவாக. அவுக அப்பிடித்தான். அவுகளுக்கு என்னால ஒண்ணு ஆச்சுன்னா?" அவள் தன் கைகளைத் தூக்கிப் பார்த்தாள். அந்த மங்கிய வெளிச்சத்தில் அவை மினுங்கின. "கனவெல்லாம் வருது. நான் தெருவுல நடந்து போறேன். நடக்க நடக்கத் தெருவெளக்கு ஒண்ணொண்ணா எரியுது. ஊரே பளிச்சுனு இருக்கு. நம்ம வீட்டு வாசலுக்கு வந்தா மட்டும் இருட்டு. உள்ள அவுக இருக்காக. நான் உள்ள போக முடியாம நிக்கேன்."

பயம் வந்தால் எனக்கு நக்கல்தான் வரும். "அம்புட்டு கரண்டு இருந்தா கையில ஒரு பல்பப் பிடிச்சுப் பாக்க வேண்டியதுதானே? நமக்கு ஈபி பில்லாவது மிச்சமாகும்" என்றேன்.

"பாத்துட்டேன்" என்றாள் மதினி. "எரியல. ரொம்ப உள்ளுக்குள்ள இருக்கும்போல."

கீழே போய் நானும் ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தேன். பூப்போட்ட கதவில் உள்ளங்கையை நன்றாக அழுத்தி வைத்தேன். குளிர்ந்தது, அவ்வளவுதான். அவள் தொடுவது வாசல் பக்கம் இருக்கிற தகரத்தை, நான் தொட்டது கண்ணாடியை என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தோன்றியது? "பாத்தியா, ஒனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்" என்றாள். சாமி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள், அண்ணனிடம் மூச்சுவிடக்கூடாது என்று.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனுஷர்தான். ஆனால் வாசலில் அத்தனை கூட்டம், அவருக்குப் பேச நேரமில்லை. கையில் ஜிவ்வென்கிறது என்றதும் ரத்தம் எடுக்கச் சொன்னார், ஈசிஜி எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னவர், மதினியின் பயந்த முகத்தைப் பார்த்துத் தைரியம் சொல்வதாக நினைத்து, "ஒடம்புல கரண்டு எல்லாருக்கும் உண்டும்மா. ஹார்ட்டே கரண்டுலதான் ஓடுது. இந்தா பாருங்க" என்று ஈசிஜி தாளைத் தூக்கிக் காட்டினார். முடிந்தது கதை! மதினி அந்தக் கோடுகளை மேலும் கீழும் பார்த்தாள். நரம்புக்கென்று ரோஸ் கலரில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் என் காதில், "பாத்தியா, மெசின்லயே தெரியுது" என்றாள்.

என் போனில் ஒரு விளம்பரம் வந்தது. உடம்பில் தேங்கிய கெட்ட மின்சாரத்தை உறிஞ்சும் சுத்தச் செம்பு வளையல். ஆர்டர் போட்டேன். வந்த வளையலை மதினி இரண்டு நாள் போட்டிருந்தாள், செம்பு நிறம் உரிந்து கீழே இரும்பு தெரிந்தது, மணிக்கட்டெல்லாம் கறுப்பு. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதினேன். வளையல் மதினி வீட்டு அடுப்படி ஜன்னலில் கிடக்கும்போதே, 'உங்கள் பொருளைப் பெற்றுக்கொண்டோம், நன்றி' என்று பதில் வந்தது. அடப் பாவிகளா! யார் வீட்டுப் பொருளை எவன் பெற்றுக்கொண்டான்?

மாத்திரைக்கும் அடங்கவில்லை, வளையலுக்கும் அடங்கவில்லை என்றதும் மதினி ஒரு முடிவுக்கு வந்தாள். மருந்து அறைக்குப் போவதை நிறுத்திவிட்டு, வெளியே பெட்டி ஒட்டுகிற ஷெட்டில் வேலை கேட்டாள். தனுஷ்கோடி அண்ணாச்சி காரணம் கேட்டதற்குக் கை நடுங்குது என்றாள். அங்கேயும் யார் பக்கத்திலும் உட்காராமல் ஒரு ஓரமாகத் தனியே உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நாளில் அதுவும் வேண்டாம் என்று வீட்டோடு இருந்துவிட்டாள். பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தண்ணீருக்குள் நடக்கிற ஆள் மாதிரி மெதுவாக நடப்பாள். சாயங்காலமானால் ஈரச் சாக்கின் மேல் வெறுங்காலோடு நின்று, அண்ணன் வருவதற்குள் எல்லாம் இறங்கிவிடட்டும் என்று ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் கையை வைத்து எடுப்பாள். எப்படியாவது ஒருநாள் ஒன்றுமே இல்லாமல் போய்விடும், அன்றைக்கு அவனைத் தொடலாம் என்று காத்திருந்தாள். வியாதியைத் தீர்க்கிறேன் என்று அவள் வியாதியையே போய்ப் போய்த் தொட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மெலிந்துபோனான். "பாண்டி, அவள அவ அப்பா வீட்ல கொண்டுபோய் விட்டுறவா? அங்கனயாச்சும் சிரிப்பாளா?" என்று கேட்டான். அவள் அப்பா செத்ததிலிருந்து பூட்டிக் கிடக்கிற வீடு அது. மதினிக்குச் செய்த சத்தியத்தை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறு, நான் பேசுகிறேன் என்றேன். எப்படியும் அன்றைக்குச் சொல்லிவிடுவது என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் அடுப்படி முழுக்கத் தண்ணீர். ஃபிரிட்ஜ் ராத்திரியெல்லாம் ஒழுகியிருந்தது. நான் உடனே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். அதே பாட்டு, அதே தேன் குரல். அண்ணன் பார்த்தான். பல நாள் மனசுக்குள் வைத்திருந்த கோபத்துக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. "இவனுக வருவானுகன்னு காத்துக்கிட்டிருந்தா வீடு மெதந்துரும். நகத்திப் போட்டு அடியில தொடைக்கிறேன்" என்றான்.

அவனுக்குப் பித்தவெடிப்புக் கால். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புதான் போட்டிருப்பான். ஈரத்தில் அது வழுக்கியது. கழற்றி எறிந்தான். தண்ணீரில் வெறுங்காலை ஊன்றி, மூட்டையைத் தூக்குகிற தோரணையில் குனிந்து, அந்தப் பூப்போட்ட ஃபிரிட்ஜை இரண்டு கையாலும் ஆவி சேர்த்துக் கட்டிப்பிடித்தான்.

"ஆத்தாடீ!" என்று ஒரு அலறல். அண்ணன் பின்னால் எகிறி, தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தான். நான் பாய்ந்துபோய் மெயினை இறக்கினேன்.

அண்ணன் முழங்கையை உதறிக்கொண்டே கதவோரம் நின்ற மதினியைப் பார்த்துக் கையை நீட்டினான். "மாரி, தூக்கி விடு."

மதினி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னயத் தொடாதீக! ஒங்களுக்கும் ஏறிருச்சே! இம்புட்டு நாளும் தள்ளித் தள்ளி நின்னும் ஏறிருச்சே!" என்று அழுதாள்.

"எது ஏறிருச்சு?"

அவள் கொட்டிவிட்டாள். ஜிவ்வென்றது, தகடு, மருந்து அறை, ஈசிஜி, கனவு, எல்லாவற்றையும். அண்ணன் தண்ணீரில் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "அப்ப என் மேல வத்தல் வாடை அடிக்கிதுன்னு இல்லையா?" என்றான்.

"வாடையா? என்ன வாடை?"

"அடிக் கூறுகெட்டவளே!" என்றான் அண்ணன். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. "கரண்டு ஒன் ஒடம்புல இல்லடி. இந்தச் சனியன் ஒடம்புல இருக்கு!"

அவள் நம்பவில்லை. கையை முன்னால் கொண்டுவரவும் இல்லை. நான் தெருக்கோடிக்கு ஓடிப்போய் எலெக்ட்ரீசியன் முனியராஜை இழுத்து வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அண்ணன் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து காய்ந்த இடத்துக்கு வந்திருந்தானே தவிர எழுந்திருக்கவில்லை. முனியராஜ் கை கொடுத்தான். அண்ணன் வாங்கவில்லை. நான் கொடுத்தேன். தட்டிவிட்டான். "அவ கை குடுத்தாத்தான் எந்திரிப்பேன்" என்றான், சின்னப்பிள்ளை மாதிரி.

முனியராஜ் தண்ணீரைத் தள்ளிவிட்டு, ஒரு காய்ந்த பலகையின் மேல் ஏறி நின்று, மெயினைப் போடச் சொன்னான். டெஸ்டரை ஃபிரிட்ஜின் பக்கத் தகரத்தில் வைத்தான். பளிச்சென்று எரிந்தது. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் பின்பக்கம் கழற்றிப் பார்த்தான். ஃபிரிட்ஜ் கம்பெனியில் மூட்டும்போதே ஒரு ஒயர் தகர விளிம்பில் நசுங்கி, தோல் கிழிந்து, தகரத்தை உரசிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த பிளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் ஒயரே இல்லை. "எர்த் இல்லாத வீட்ல, ஈரச் சாக்குல நின்னுக்கிட்டு இதத் தொட்டும் இம்புட்டு நாள் உசிரோட இருந்திருக்கீகளே!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மதினி மெல்ல முன்னால் வந்தாள். "தம்பி, எனக்கும் வச்சுப் பாரு" என்று வலது உள்ளங்கையை நீட்டினாள்.

முனியராஜ் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். பாவம், அவன் அதையும் மரியாதையாகச் செய்தான். டெஸ்டரின் நுனியை அவள் உள்ளங்கையில் வைத்தான். எரியவில்லை. "இதுல?" என்று இடது கையை நீட்டினாள். அதிலும் எரியவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. சுத்தமா ஒண்ணுமில்ல."

மதினி அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல நாளாக வேலைக்குப் போகாததால் வெள்ளியெல்லாம் போய் வெறும் கையாக இருந்தன. அப்புறம் குனிந்து அண்ணனின் இரண்டு கையையும் பிடித்தாள். பிடித்தவள் தூக்கவில்லை. அவளும் அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தச் சிவப்புக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு கேவினாள். "எரியுது" என்றாள். வத்தல் காட்டம் கண்ணில் பட்டுவிட்டது. "எரியட்டும்" என்றான் அண்ணன்.

அந்த நேரம் பார்த்து என் இடுப்பில் சொருகியிருந்த போனிலிருந்து ஒரு குரல். இவ்வளவு நேரமும் லைன் ஓடிக்கொண்டிருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். "வணக்கம் மேடம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செத்த பொறும்மா. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனை ஜன்னலில், அந்த வளையல் பக்கத்தில் வைத்தேன்.

ஃபிரிட்ஜ் கம்பெனிக்காரர்கள் அப்புறம் வந்தார்கள், வாடிக்கையாளர் வீட்டு வயரிங் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஃபிரிட்ஜைச் சரி செய்தது முனியராஜ்தான். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் கம்பி இறக்கினான். மதினி பக்கத்தில் நின்று கம்பெனியில் போட்டிருப்பது மாதிரியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அடுத்த வாரம் வேலைக்குப் போனாள். தனுஷ்கோடி அண்ணாச்சி வேறு எதுவும் கேட்கவில்லை, "தகட்டத் தொட்டீகளா?" என்றுதான் கேட்டாராம். புஸ்வாண சீசன் சூடு பிடித்திருந்தது, மறுபடியும் கைகள் வெள்ளியாயின.

இப்போது ரோட்டைக் கடக்கும்போது பழையபடிதான். டீக்கடைக்காரர்களுக்கும் பழையபடி வாய் வந்துவிட்டது. ஒன்று மட்டும் புதுசு. வேலை முடிந்து அண்ணன் முதலில் வந்துவிடுகிற நாட்களில், வீட்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொள்வான். மதினி வந்து கால் வைக்கப் போனால் வழியை மறித்து, தன் சிவப்பு உள்ளங்கையை நிலையோடு சேர்த்து விரித்துக் காட்டுவான்.

"தகட்டத் தொட்டியா?"

அவள் தெருவைத் திரும்பிப் பார்ப்பாள். நான் பார்க்காத மாதிரி நிற்பேன். வெள்ளிக் கையை அவன் கையில் வைப்பாள்.

"எறங்கிருச்சா?" என்பான்.

"இன்னும் எறங்கல" என்று சொல்லிவிட்டு, கையை எடுக்காமல் நிற்பாள்.